வலது கை

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் சொல்லச் சொல்லக் கணினியில் ஏற்றுவது என் சித்தியின் வேலை. நோயாளி "வயித்தைப் பிசையுது" என்பார். டாக்டர் அதை மருத்துவ மொழியில் சொல்வார். சித்தியின் விரல்கள் முந்திக்கொள்ளும். "இந்தம்மா என் வலது கை" என்று பெரிய டாக்டர் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார்.

ஒருநாள் வயிற்றுவலியோடு வந்த டிரைவரை அவர் தொடவே இல்லை. போனைக் காதில் இடுக்கியபடி, "வயிறு மென்மை. அழுத்தினால் வலி இல்லை. போட்டுக்கோ" என்றார்.

"இன்னும் தொட்டுப் பாக்கலையே சார்?"

"நான் சொல்றத மட்டும் எழுதும்மா."

எழுதினாள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட டிரைவர், குடல்வால் வெடித்து, மறுநாள் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார்.

விசாரணையன்று வாக்குமூலம் பதிய ஆள் வரவில்லை. கண்காணிப்பாளர், வெட்கங்கெட்ட மனுஷன், கணினியைச் சித்தி பக்கம் திருப்பினார். "நீங்களே அடிச்சிடுங்க. டாக்டர் பேசற வேகம் உங்களுக்குத்தான் பழக்கம்."

டாக்டர் கூசாமல் சொன்னார்: "வயித்தைப் பத்தி நான் எதுவுமே சொல்லல. அந்தம்மாவே தானா எழுதிட்டாங்க."

சித்தியின் விரல்கள் முதன்முறையாக நின்றன. அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட்டுக்கோ" என்றார்.