இருபத்தாறு பேருக்குக் கட்டில்

கழிவறைத் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது மறுபடி நிறையும்வரை லுஸ் தாரி அங்கேயே நிற்பார். கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். பண்ணை வீட்டுக்காரர் தோன் அர்பே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் காத்திருப்பார்.

"மூணு நிமிஷம் அம்பது செகண்டு. நாங்க இருபத்தாறு பேரு. கடைசி ஆளு வெளிய வர்றதுக்குள்ள பூங்காவைப் பூட்டிட்டுப் போயிருவாங்க ஐயா."

"பின்னாடி இன்னொண்ணு இருக்கும்மா."

"பார்த்தேன். அதுல கோழி அடைகாக்குது."

லுஸ் தாரி என் மனைவியின் மூத்த அக்கா. வயது ஐம்பத்தேழு. துலுவாவில் வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் பாதிப்பேரின் படுக்கையறைக்குள் நுழைந்து வந்தவர் என்பதால், அந்த ஆசை தன்னால் போய்விட்டது என்பார். ஒவ்வொரு ஜூன் விடுமுறைக்கும் எங்கள் குடும்பம் மொத்தமும் ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு கிந்தீயோ மலைப்பக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகும். தங்க இடம் பார்ப்பது பதின்மூன்று வருடங்களாக அவர் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, வேறு யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பூங்காவின் ரோலர் கோஸ்டரில் அவர் ஒருமுறைகூட ஏறியதில்லை. "தலைகீழாத் தொங்குறதுக்கு வரிசையில வேற நிக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, பண்ணை வீட்டிலேயே தங்கி எங்களுக்குச் சான்கோச்சோ, அதாவது கிழங்கும் கறியும் போட்ட சூப், பானை நிறையக் கொதிக்க வைப்பார். நாங்களும் பெருந்தன்மையோடு திரும்பி வந்து அதைச் சாப்பிடுவோம்.

விளம்பரம் படிப்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "முப்பது பேர் தங்கலாம்னு போட்டிருக்கானா? பத்தைக் கழி, அது சோபா. அஞ்சைக் கழி, அது வலை ஊஞ்சல். இன்னும் மூணு பேரு படுக்கிற ரூம்ல அவன் மாமியா படுத்திருப்பா." நீச்சல் குளத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தன் தம்பி கில்பெர்த்தோவைக் கூப்பிட்டுக் காட்டுவார். "இதுல நீ இறங்கினேன்னா, நீ உள்ள இருப்பே, தண்ணி வெளிய இருக்கும்." கில்பெர்த்தோ கோபப்படுவதில்லை. அவர் எடை அப்படி.

வீடு முடிவானதும் துணி வெட்டும் பழுப்புக் காகிதத்தை மேசையில் விரித்து, சுண்ணக்கட்டியால் கட்டில்களைக் கட்டம் கட்டமாக வரைவார். யார் எங்கே படுக்க வேண்டும் என்பது அதில் எழுதப்படும். எழுதியதற்கு மேல்முறையீடு கிடையாது. குறட்டை விடுபவர்கள் எல்லோரும் ஒரே அறையில். "ஒருத்தரை ஒருத்தர் எழுப்பிவிட்டுக்கட்டும்." கில்பெர்த்தோவின் மனைவி ஃபான்னிக்கும் என் மனைவிக்கும் நடுவே இரண்டு சுவரும் ஒரு சமையலறையும் இருந்தாக வேண்டும். எனக்குப் பதின்மூன்று வருடமும் வாசல் கதவோரம்தான். "திருடன் வந்தா மாப்பிள்ளையை மிதிச்சுட்டுத்தான் உள்ள வரணும்" என்பார். என் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

இந்த வருடம் புரட்சி வெடித்தது. கில்பெர்த்தோவின் மூத்த மகள் லெய்தி காலி என்ற நகரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். சிரிக்கும்போதுகூடக் கடன் விண்ணப்பத்தை நிராகரிப்பது போலத்தான் சிரிப்பாள். குடும்ப வாட்ஸப் குழுவில், பூங்கா வாசலுக்கு எதிரே இருக்கும் ஓட்டலின் படங்களைப் போட்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அத்தை, பண்ணை வீட்டுல கும்பலாப் படுத்துக்கிட்டு? இங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ரூம். கார்டைக் காட்டினா கதவு தொறக்கும்" என்று குரல் செய்தியும் அனுப்பினாள்.

"தொறக்கட்டும். என் பானைக்கு அந்தக் கார்டு அடுப்பு மூட்டுமா?" என்று லுஸ் தாரியின் பதில் வந்தது.

பத்து நிமிடத்தில் லெய்திக்கு ஆதரவாக இருபத்தைந்து கட்டைவிரல்கள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஒரு கழிவறைக்கு முன்னால் பதினேழாவது ஆளாக நிற்காமல் ஒரு விடுமுறையாவது கழியட்டும் என்ற உன்னத லட்சியம்தான் காரணம்.

தோற்றவர், "கண்ணால பார்த்துருவோம்" என்றார். அடுத்த சனிக்கிழமை லெய்தி, அவள் பெற்றோர், லுஸ் தாரி, நான், ஐந்து பேரும் ஓட்டலுக்குப் போனோம். வழக்கம்போல் முதலில் கழிவறை. தண்ணீர் நாற்பது செகண்டில் நிறைந்துவிட்டது. அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். ஜன்னல் திரையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, "இதைத் தச்சவன் கையில ஊசியைக் குடுத்தவன் யாரு" என்று அறை காட்ட வந்த ஓட்டல் பெண்ணை விசாரித்தார்; அவர் கண்ட ஒரே குறை அதுதான்.

லெய்தி அச்சடித்த பட்டியலை எடுத்து வாசித்தாள். அறைக்கு நான்கு பேராக ஆறு அறைகள். புதிதாகக் கல்யாணமான அவளுக்கும் கணவனுக்கும் ஓர் அறை. கணக்கு அழகாக இருபத்தாறில் முடிந்தது.

"அத்தைக்கு அப்பா ரூம்லயே ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுருவாங்க."

ஓட்டல் பெண் அலமாரியிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலை இழுத்து வந்து, டிவிக்கும் குளியலறைக்கும் நடுவே விரித்தாள். விரித்ததும் குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது.

லுஸ் தாரி பட்டியலை வாங்கிப் பார்த்தார். "என் பேரைக் காணோமே."

"கடைசியில இருக்கே அத்தை."

கடைசியில் 'எக்ஸ்ட்ரா பெட் – 1' என்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய பழுப்புக் காகிதத்திலும் அவர் பெயர் இருந்ததில்லை. நாங்கள் சொல்லும் இருபத்தாறு அவரைச் சேர்க்காத கணக்கு. கட்டம் கட்டிய கையை யாரும் எண்ணிச் சேர்க்கவில்லை, அவர் உட்பட. ஒரு வருடம், விடிந்தும் விடியாத நேரத்தில், சமையலறையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுச் சுருண்டு கிடந்த அவரை நான் எழுப்பியிருக்கிறேன். எதற்கென்றால், காப்பி கேட்க. எழுந்து போட்டுக் கொடுத்தார். அந்த ஓட்டல் அறையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

கில்பெர்த்தோவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. "ரெண்டு ராத்திரிதானேக்கா. நீதான் எங்க படுத்தாலும் தூங்கிருவியே."

"அப்படின்னு உனக்கு யாருடா சொன்னது?"

கில்பெர்த்தோ யோசித்தார். அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"அதுல படு."

"நானா?"

"நீதான். படு, பார்க்கறேன்."

கில்பெர்த்தோ மடக்குக் கட்டிலில் படுத்தார். கம்பிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளியே நின்றன. ஓட்டல் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான்க்கா இருக்கு." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப அது உன்னோடது."

ஃபான்னி வாயைத் திறந்தாள். "அப்ப நான்?"

"நீ எங்கூடப் படுத்துக்கோ. நான் குறட்டை விட மாட்டேன். உனக்கும் இத்தனை வருஷத்துல ரெண்டு நாளு தூங்கின மாதிரி இருக்கும்."

ஃபான்னி கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பையைப் பெரிய கட்டிலின் பக்கத்து மேசையில் வைத்து இடம் பிடித்தாள்.

லெய்தி பட்டியலை இரண்டாக மடித்தாள். "அப்ப என்ன அத்தை, பண்ணை வீடா, ஓட்டலா?" குரலில் வங்கி இல்லை.

"ஓட்டலே இருக்கட்டும்."

லுஸ் தாரி கட்டிலோரம் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றி ஜோடியாக வைத்தார். பிறகு, நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய கட்டிலின் நட்டநடுவே மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் அகல விரித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.