மணலில் அடித்த முளை

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது என் அண்ணன் ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தான். சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்திச் சொன்னான்: "நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல் எதுவும் இதுக்குக் கணக்கே இல்லை." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், ஆனால் எனக்கு அது தெரிந்த சங்கதி. யுத்த காலத்தில் பெண்கள் படையில் சேர்ந்து இரண்டு வருஷம் லாரி ஓட்டியவள் நான். திரும்பி வந்த பிறகு அண்ணன் எனக்குக் கொடுத்த உத்தியோகம், அடையாறில் அவனுடைய செங்கல் கிடங்கில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. வண்டியை ஓட்ட ஒரு டிரைவர் இருந்தான். "பொம்பளை ஓட்டினா ஜனங்க சிரிப்பாங்க" என்பது அண்ணனின் கட்சி.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தான். டிரைவருக்குக் காய்ச்சல். வண்டி கிடங்கில் சும்மா நின்றது. அப்போது ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் ஓடி வந்தார். எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுப்பவர். மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் மருத்துவச்சி என்று மூச்சு வாங்கச் சொன்னார். அவரை ஏறச் சொல்லிவிட்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். யார் சிரித்தால் எனக்கென்ன.

போகும்போது வண்டி காலியாக இருந்ததால் மணலில் எப்படியோ தத்தித் தத்திப் போய்விட்டது. திரும்பும்போது பின்னால் பாயில் அந்தப் பெண், அவள் தாய், துணைக்கு இரண்டு பேர். சவுக்குத் தோப்பைத் தாண்டும் முன்பே பின்சக்கரம் இரண்டும் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கின. நான் பதறவில்லை. இதற்குத்தானே நாலு சக்கரம் இருக்கிறது. முன்சக்கரத்தை இழுக்க வைக்கும் லீவரைத் தள்ளினேன், அது டக்கென்று உட்கார்ந்தது. கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

மீனவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லி மறுபடி முயன்றேன்.

"பின்னாடிதான் சுத்திக்கினு கீது. முன்னாடி அசையவே இல்லம்மா" என்றார்.

லீவருக்கு உள்ளே ஏதோ உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு புடவையை வரிந்து கட்டி வண்டிக்கு அடியில் படுத்தேன். பார்த்ததை நம்ப முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கியர் பெட்டியிலிருந்து முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக இடுப்பளவு நீளத்தில் ஒரு ஷாஃப்ட் இருக்க வேண்டும். அது உடையவில்லை, வளையவில்லை. அந்த இடத்தில் அது இல்லவே இல்லை. போல்ட்டு ஓட்டைகளில் தூசி அடைத்திருந்தது. மேலே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது பலகை வழியாகக் கேட்டது.

கயிறு கட்டி ஆட்கள் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கட்டுமரங்களைக் கட்டியிருந்த வடத்தை அவிழ்க்க மீனவர் ஓடினார். அவசரத்தில் நானும் கூட ஓடினேன். வடம் ஒரு இரும்பு முளையில் கட்டியிருந்தது. தலைப்பக்கம் இரண்டு காது, காதுக்கு நடுவே சிலுவை மாதிரி ஒரு துண்டு. யுத்த காலத்தில் எத்தனை முறை அதற்குக் கிரீஸ் வைத்திருக்கிறேன்! எங்கள் வண்டியின் ஷாஃப்டைத்தான் மணலில் அடித்து நிறுத்தியிருந்தார்கள்.

"இது ஏது?" என்றேன்.

"ஒங்க அண்ணன் குட்த்தாரு. மழைக்கு முன்னாடி. ஒரு கூடை வஞ்சிரம் வாங்கிக்கினு போனாரே."

அந்த வஞ்சிரம் எனக்கு ஞாபகம் இருந்தது. வீட்டில் வறுத்தார்கள். நான் இன்னும் ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

மாட்ட போல்ட்டு இல்லை, ஸ்பானர் இல்லை. குப்பமே திரண்டு சக்கரத்துக்கு அடியில் தென்னங்கீற்றைப் போட்டு, வடத்தைக் கட்டி இழுத்து வண்டியை ரோட்டில் ஏற்றியபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. அழவே இல்லை.

அன்று அண்ணனிடம் கேட்டேன். முன்சக்கரமும் சேர்ந்து சுற்றினால் பெட்ரோல் குடிக்கிறது, ரேஷனில் கிடைப்பதற்கு மேல் பெட்ரோலுக்கு எங்கே போவது, ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு என்றான். டிரைவருக்குச் சொல்லி வைத்தானாம், மணலில் இறக்காதே என்று. அப்போ எனக்கு?

"நீ ஓட்டுவேன்னு நான் கனவா கண்டேன்?"

கையிலிருந்த செம்பை அவன் காலடியில் எறிந்தேன். அவன் ஒதுங்கவில்லை. குழந்தையைப் பற்றிச் சொன்ன பிறகு குனிந்து அந்தச் செம்பை எடுத்து வைத்தான்.

சில நாள் கழித்து அந்த மீனவர் ஷாஃப்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். கேட்டவர் யாருமில்லை, தானாகத்தான் வந்தார். வாசலில் வைத்துவிட்டு, "இத்த மாட்டிட்டா மணல்ல போவுமா?" என்று மட்டும் கேட்டார்.

"போகும்" என்றேன்.

"அப்போ மாட்டு."

உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினேன். இரண்டு காதுகளுக்கு நடுவிலிருந்த பேரிங்கெல்லாம் மணல். அவற்றுக்குப் பதிலாக அண்ணன் சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் சாமான் கடை கடையாக அலைந்து வேறு வாங்கி வந்தான். நான் அடியில் படுத்தேன். நான் கேட்ட ஸ்பானரை அண்ணன் எடுத்து நீட்டினான். மீனவர் போகவில்லை. எனக்குப் பக்கத்திலேயே குனிந்து வந்து மல்லாந்து படுத்து, அது எந்த இடத்தில் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் நாலு போல்ட்டு, அந்தப் பக்கம் நாலு. கடைசிப் போல்ட்டை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன்.

"இவ்ளோதானா?" என்றார்.

நான் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை எண்ணினேன், எட்டு. வண்டிக்கு வெளியே ஸ்பானரோடு நின்ற அண்ணனின் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.