ரோஸ் சாயம் பூசிய குஞ்சு

அம்மா புறவாசலில் சாளை மீன் ஆய உட்கார்ந்தால் போதும், செம்பருந்துகள் வந்துவிடும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. எறிகிற குடலைத் தரையில் விழுமுன் காலால் பற்றிக்கொண்டு துறைமுகப் பக்கம் போகும். அதைப் படம் பிடிக்கத்தான் கேமரா வாங்கினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து, என் சம்பளத்தில் வாங்கியது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வீட்டு அத்தை அப்படி நினைக்கவில்லை. பருந்து அஞ்சட்டும் என்று தன் கோழிக்குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் பூசியிருந்தார். அப்படியும் குஞ்சுகள் குறைந்தன.

“ஏளா, படம் புடிக்கதுக்குன்னே குடலப் போட்டுப் பழக்குதியோ?” என்று மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்.

“உங்க பூனைகிட்ட கேட்டீங்களா அத்தை?” அந்தப் பூனை மேல் எனக்கு உண்மையிலேயே சந்தேகம்.

“எம்பூனை பால்சோறு திங்குது. பேச்ச மாத்தாத.”

அன்றிலிருந்து நான் கேமராவைத் தூக்கினாலே மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அவர் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர்தான் எங்களுக்கும். அம்மா பயந்தாள். “அவ மனசு ஆறலன்னா இங்கன அந்தக் கேமராவ எடுக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டாள்.

நான் விடவில்லை. பூனையைக் கவனித்தேன், பருந்துகளைக் கவனித்தேன். ஒரு ஞாயிறு மதியம் எங்கள் முருங்கையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று சரிந்து இறங்கியது. பருந்தைவிடச் சிறியது, வல்லூறு. கேமராப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். மதில் மேல் வந்து உட்கார்ந்தபோது அதன் காலில் ரோஸ் குஞ்சு.

ஓடிப்போய்க் காட்டினேன். “பாருங்க அத்தை. இது வல்லூறு. மீன் குடலுக்கு வராது. எங்க மேல தப்பில்ல.”

அத்தை கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். இறங்கியது. குஞ்சை மிதித்தது. தூக்கியது. மதிலில் உட்கார்ந்தது.

“இம்புட்டு நேரமும் நீ அங்கனதான் நின்னியா?”

“ஆமா அத்தை.”

“ஒரு சத்தம் போடல. ஒரு கல்லு எடுத்து எறியல.”

கேமராவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் தண்ணீர் வந்தது. அம்மாவும் கேமராவை எடுக்க விட்டுவிட்டாள். ஆனால் இப்போது நான் புறவாசலுக்குப் போனால், அத்தை மதிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மடியில் ஒரு கம்பு. மேலே பருந்து சுற்றினாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் கையைத்தான் பார்க்கிறார்.