அழித்த இடம் தெரியாது

காலையில் மாவட்ட மன்ற அலுவலகத்துக்கு வந்ததும், என் பக்கத்து மேசை டோம்னிகா அக்கா மூன்று பென்சில்களைச் சீவுவாள். பிறகு மேசையளவு தாளை விரிப்பாள். எங்கள் மாவட்டத்தின் அடுத்த ஆண்டு பட்ஜெட் அதில்தான் பிறக்கிறது. கணினி இருக்கிறது, அதில் ஏற்றினால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று தடம் நின்றுவிடும். "பென்சில் யாரையும் காட்டிக் கொடுக்காதுப்பா" என்பாள்.

வயது ஐம்பத்தெட்டு. மதியம் ஆறிப்போன சோளக்களியும் பாலாடைக்கட்டியும், ஜன்னலோரம் நின்றபடியே. ஜனவரியில் ஊர் மேயர்கள் நிதி கேட்டு பிளம் சாராயமும் புகைபோட்ட இறைச்சியும் சுமந்து வருவார்கள். அக்கா எதையும் தொடமாட்டாள். "எந்தக் கட்சின்னு மொதல்ல சொல்லுங்க. ரோட்டுல எத்தனை குழின்னு அப்புறம் கேட்டுக்கறேன்."

அவள் சொல்வது பொய்யில்லை. ஆளுங்கட்சி ஊர்கள் தாளின் மேலே இருக்கும், மற்றவை கீழே. வெட்டு கீழிருந்துதான் தொடங்கும். "போன வாரம் இங்க உக்காந்து அழுதாரு. இந்த வாரம் கட்சி மாறிட்டாரு. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்துடுச்சு" என்று ஒரு மேயரைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்குர்த்தேனி அவள் பிறந்த ஊர். ஆற்றைக் கடக்க ஆள் நடக்கும் தொங்குபாலம் மட்டும். அங்கே மேயர் பிடிவாதக்காரக் கிழவர், கட்சி மாறாதவர். 'ஸ்குர்த்தேனி பாலம், நாற்பது லட்சம் லெய்' என்று பத்தொன்பது வருடமாக அக்கா எழுதுகிறாள். தாள் நகலெடுத்து மன்ற உறுப்பினர்களுக்குப் போகுமுன் மன்றத் தலைவரின் உத்தரவு வரும். அவளே அழிப்பாள். அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் எனக்கு எரிச்சல்.

போன அக்டோபரில் அவள் தங்கை சஃப்தாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் இக்கரையில் நின்றது. வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். பாலத்தின் பாதியிலேயே உயிர் போய்விட்டது. துக்கம் முடிந்து வந்த அக்கா, எப்போதும்போல மூன்று பென்சில் சீவினாள். பாலத்தை மட்டும் அழுத்தி எழுதினாள்.

நேற்று துணைத்தலைவர் லியோந்தே வந்தார்.

"அக்கா, தலைவரோட சொந்த ஊர்ச் சதுக்கத்துக்கு கிரானைட் போடணுமாம். பாலத்தை எடுத்துடுங்க."

"என் தங்கச்சி செத்துட்டா சார்."

"தெரியும்க்கா. மலர்வளையம்கூட அனுப்பினோமே. அந்தக் கிழவரை நம்ம பக்கம் வரச் சொல்லுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அக்கா ரப்பரை அவர் பக்கம் தள்ளினாள். "பத்தொன்பது வருஷம் நான் அழிச்சேன். இந்தத் தடவை நீங்க அழிங்க."

லியோந்தே சிரித்தார். ரப்பரால் அந்த வரியில் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆச்சா?" என்று போய்விட்டார்.

அழுத்தி எழுதியதாயிற்றே, சாம்பல் தீற்றலுக்கு அடியில் 'ஸ்குர்த்தேனி' அப்படியே தெரிந்தது. நகலிலும் தெரியும். முப்பது உறுப்பினர்களும் பார்ப்பார்கள். அப்படியே விட்டுடு அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். மேசையில் பரப்பினாள். ரப்பரை எடுத்து, முதல் எழுத்திலிருந்து சுத்தமாக அழிக்கத் தொடங்கினாள்.