தேடல் பெட்டியில் வந்த கடிதம்

மாத்தளை டவுனில், துணிக்கடைக்கு மேல்மாடியில், மூன்று கம்ப்யூட்டர்களோடு நடந்தது ஒரு கொழும்புக் கம்பெனியின் கிளை. 2008இல் அங்கே புரோகிராம் எழுதிய சந்திரகாந்தாவுக்கு ஒரு வேலை வந்தது. கம்பெனிக்காரர்கள் எழுதுவதெல்லாம் சேரும் களஞ்சியத்தை இணையப் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் ஒரு கோப்பைப் பிடிப்பதற்குள் கோப்புறை கோப்புறையாகத் திறந்து தலை சுற்றிவிடும். பெயரைத் தட்டினால் கோப்பு வந்து நிற்க வேண்டும். கெட்டிக்காரி, மூன்றே நாளில் செய்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி அவளும் தட்டிப் பார்த்தாள். எட்டு மாதமாகக் காணாமல் போன தம்பியின் பெயரைத்தான் கை தட்டியது. 'லெட்சுமணன் கடிதம்' என்று வந்து நின்றது.

பார்சலைத் தள்ளி வைத்தாள்.

பக்கத்து அலுவிகாரையில் யாரோ அவனைப் பிடித்து வேனில் ஏற்றியதைக் கண்டவள் அப்பக்கடை பாப்பம்மா ஒருத்திதான். "பாத்தேன் புள்ள. ஆனா என் பேரு எங்கயும் வரக்கூடாது" என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். சாட்சி இல்லாமல் யார் நம்புவார்கள் என்று, தம்பியைத் தேடித் தரச் சொல்லி ஆபீஸில் அடித்த முறைப்பாட்டுக் கடிதத்தில் சந்திரகாந்தா அந்தப் பெயரையே எழுதிவிட்டாள். பிறகு பயந்து அனுப்பவில்லை. அதை அடித்த அன்று மாலை வேலையைக் களஞ்சியத்தில் சேர்த்தபோது கடிதமும் கூடவே போய்விட்டது. அட பாவிப் பெண்ணே, வீட்டுக் காரியத்தை வேலைக் கோப்புறையிலா வைப்பார்கள்!

உடனே நீக்கினாள். களஞ்சியமோ பழைய பிரதியை விடாது. அதை அமுக்கிப் பார்த்தால் கடிதம் அப்படியே இருந்தது. கொழும்பில் களஞ்சியத்துக்குப் பொறுப்பான புஹாரி நானாவுக்குப் போன் அடித்தாள்.

"நானா, ஒரு கோப்ப வேரோட அழிக்கணும். திறந்து பாக்காதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்."

அரை மணியில் அவர் திருப்பிப் போன் எடுத்தார். "அழிச்சிட்டேன் தங்கச்சி. நான் திறக்கல்ல. ஆனா காலையில பத்து மணிக்கு யாரோ திறந்திருக்காங்க. இங்க கொழும்பு ஆபீஸ்ல இருந்துதான். யாருன்னு தெரியல்ல."

பஸ்ஸில் அலுவிகாரைக்குப் போகும் வழியில், எதிரே வந்த ஒவ்வொரு வேனுக்குள்ளும் யார் இருக்கிறார்கள் என்று அவள் எட்டிப் பார்த்தாள். பாப்பம்மா கடையில் அப்பச்சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்திரகாந்தா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என் பேரையுமா எழுதுன?"

"அனுப்பலக்கா. சத்தியமா அனுப்பல."

பாப்பம்மா சட்டியைக் கீழே வைத்தாள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். பலகைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கடையை அடைத்தாள். இரண்டு சேலையை ஒரு பையில் திணித்தாள்.

"அந்திக்கு மாவு கரைச்சு வச்சிருக்கேன்" என்றாள். "நீ எடுத்துக்கிட்டுப் போ. வீணாப் போயிரும்."