நான் பாடுகிறவள் என்று சொல்லவில்லை

கட்டியை முதலில் கண்டது நானல்ல, ஸ்டெல்லா அக்கா. எங்கள் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பவர். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் சனிக்கிழமைப் பயிற்சியில், மேல் சுரத்துக்காக நான் தலையை நிமிர்த்தி நாடியை உயர்த்தியபோது வாசிப்பை நிறுத்தினார்.

“என்னடி அது கழுத்துல? பணிஸ முழுசா முழுங்கிட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது ஏறி இறங்கியது.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். திருவருகையின் நான்கு ஞாயிறுகளிலும் பூசையில் வானவர் கீதம் பாடமாட்டோம். அது கிறிஸ்மஸ் வரை காத்திருக்கும் பாட்டு. ஆனால் சனிக்கிழமை பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் பழகுவோம். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழைக்குளிர் வரும். இடையில் பால் விடாத பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் வரும். பாட்டின் உச்சியிலிருந்த அந்த ஒரு சுரம் என்னுடையது. அதை எட்ட வேறு ஆள் இருக்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் முன்வரிசையில் நின்றேன்.

கட்டி இருந்தது தைரொயிட்டில் (குரல்வளையை ஒட்டியிருக்கும் சுரப்பி). ஊசிப் பரிசோதனை (ஊசியால் சில உயிர்க்கலங்களை எடுத்துப் பார்ப்பது) எதையும் நிச்சயமாகச் சொல்லவில்லை. சுரப்பியின் ஒரு பாதியை எடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் படிவங்களை நானே நிரப்பினேன். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘முகாமைத்துவ உதவியாளர்’ என்று அழகாக எழுதினேன். சத்திரசிகிச்சை செய்யவிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்தவர். படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“குரலைப் பாவிச்சுச் செய்யிற வேலையோ பிள்ளை? படிப்பிக்கிறது, அப்பிடி ஏதும்?”

“இல்ல டொக்டர். கவர்மென்ட் ஒஃபிஸ்.”

பக்கத்தில் அம்மா இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். “டொக்டரய்யா, எம்மக சர்ச்சுல…” என்று தொடங்கினார். நான் மேசைக்கடியில் அவர் கையை அமுக்கினேன். அம்மா நிறுத்திக்கொண்டார்.

சுரப்பியின் பாதியை எடுத்த பிறகு, கட்டி புற்றுநோயல்ல என்று முடிவு வந்தது. அம்மா அழுதார். கம்மியிருந்த பேச்சும் சில வாரங்களில் திரும்பியது. ஆனால் பாடிப் பார்த்தபோது, மேல் சுரத்தில் காற்று மட்டுமே வந்தது. மூக்கு வழியாகக் கமராவை விட்டுப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்:

“உச்சத்துக்குக் குரல் நாணை இழுத்துப் பிடிக்கிற ஒரு நரம்பு இருக்கு, மயிர் மாதிரி. அது களைச்சுப் போயிருக்கு. திரும்பி வரலாம், வராமலும் விடலாம். நீங்கள் பாடுறனீங்களோ?”

நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்: “ஆமாங்கய்யா. நல்லாப் பாடுவா. மேல பாட்டு.”

இம்முறை நான் தடுக்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். “அந்த நரம்பை இன்னும் கவனமாத் தேடியிருப்பம். எண்டாலும் இது நடந்திருக்கலாம்,” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் இந்தச் சிகிச்சை இருந்தால், பாடுவதைச் சொல்லிவிடுங்கள். கோயிலில் மட்டும் என்றாலும், குளிக்கும்போது மட்டும் என்றாலும் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டார்:

“அன்னைக்கு ஏன் புள்ள கைய அமுக்குனே?”

“வெக்கமா இருந்துச்சும்மா.”

“பாடுறதுக்கா, என்னய நெனச்சா?”

அம்மா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவருடைய மறுதோள் நனைந்துகொண்டிருந்தது. குடையை நான் நேராக்கினேன். அவர் மறுபடி சாய்த்தார்.

அடுத்த திருவருகை வந்தது. நான் பயிற்சிக்குப் போகவில்லை. ஸ்டெல்லா அக்கா போனில் பிடித்தார்.

“மேல வரலன்னா கீழ பாடு. ரெண்டாங்குரலுக்கு இருக்கிற ரெண்டு பேருல, சுருதியில ஒருத்தி கண்டியில நிக்கிறா, ஒருத்தி கட்டுகஸ்தோட்டையில நிக்கிறா.”

“ரெண்டாங்குரலா? நானா அக்கா?”

“ஆமா மகாராணி, நீங்கதான். சனிக்கிழம மூணு மணிக்கு.”

இரண்டாங்குரல் என்றால் மேலே எட்டாதவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். போன பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. காது முதற்குரலின் பின்னாலேயே ஓடியது. மூன்று முறை சுரம் தவறினேன். நான்காம் முறை, நெஞ்செலும்பில் ஒரு அதிர்வை உணர்ந்தேன். இத்தனை வருடம் பாட்டை நெற்றியில்தான் உணர்ந்திருக்கிறேன். என் உடம்பில் கழுத்துக்குக் கீழேயும் பாட்டுக்கு இடமிருந்திருக்கிறது.

அந்தக் கிறிஸ்மஸ் பூசையில் உச்சிச் சுரத்தைப் பதினாறு வயது நிரோஷா பாடினாள். கொஞ்சம் சுருதி குறைவாக எடுத்து, பிறகு பிடித்துக்கொண்டாள். பொறாமையாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் உண்டு.

மருத்துவமனைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தச் சுரத்தோடுதான் தொடங்கியது. காலையில் முகம் கழுவியதும் ஒருமுறை முயன்று பார்ப்பேன். காற்று வரும். அதன் பிறகே தேநீர்.

சென்ற வாரம் ஒரு நாள், மத்தியானம் கோப்பொன்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது: காலையில் முயன்று பார்க்கவே இல்லை. முகம் கழுவும்போது ஏதோ பாடிக்கொண்டுதான் இருந்தேன். அது இரண்டாங்குரல்.