இரண்டு உறுப்பினர்கள் முன்னிலையில்

விதி நான்கு இப்படிச் சொல்கிறது: காலை ஏழு மணிக்குள் ‘ஆஜர்’ என்று செய்தி அனுப்பாத உறுப்பினரின் வீட்டுக்கு, அருகில் வசிக்கும் உறுப்பினர் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

இது அரசாங்க விதி இல்லை. அஸ்தினாபுரத்தில் தனியாக வசிக்கும் ஐந்து முதியவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவின் விதி. எழுதியவன் நான். நீதிமன்ற அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் வேறு எப்படி எழுதுவான்? குழுவின் யோசனை மட்டும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடையது. நான் வேலையில் இருந்த காலத்தில் அவர் மூத்த நீதிபதி. ஓய்வுக்குப் பிறகு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். எனக்குக் கடைசி வரை ‘ஐயா’தான்.

எண்பத்துமூன்று வயதை அவர் போல் சுமந்தவரை நான் பார்த்ததில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே கார் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் செய்தார். கைத்தடி வாங்கிய அன்று தெருவில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு போனார். “கைத்தடி புடிச்சா கிழவன்னு தெரிஞ்சிடும்னு நெனச்சு விழுந்தவங்கதான்யா அதிகம்” என்பார். எனக்கு அப்போது எழுபத்தொன்று. கைத்தடி வாங்கி பீரோவில் வைத்திருந்தேன்.

ஒவ்வொருவர் வீட்டு மாற்றுச் சாவியையும் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்து வாங்கி இன்னொருவரிடம் வைத்திருந்தோம். ஐயாவின் உறை என்னிடம். அதற்காக நான் சேர்த்தது விதி ஐந்து: உறையை இரண்டு உறுப்பினர்கள் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும்.

“ஒருத்தர் போதாதாய்யா?” என்று ஐயா கேட்டார்.

“நாளைக்கு ஏதாவது பொருள் காணோம்னா, யார் மேல பழி வரும் ஐயா?”

“நான் விழுந்து கெடக்கும்போது பொருளையா தேடப் போறேன்?” என்று சிரித்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு கிருத்திகை நாள். தினமும் ஆறு மணிக்கு முன்பே வரும் அவருடைய ‘ஆஜர்’ அன்று வரவில்லை. ஏழு மணி வரை காத்திருந்தேன். போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. உறையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஏழு இருபதுக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

பால் பாக்கெட் பையிலேயே கிடந்தது. பேப்பர் நனைந்திருந்தது. உள்ளே எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். பெல் அடித்தேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. உறை கையில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன்.

கிருத்திகை என்பதால் அவர் குன்றத்தூர் மலை முருகன் கோயிலில் இருந்தார். “நீங்க தெறங்க சார். நான் இப்பதான் படி எறங்குறேன், வர முக்கால் மணி ஆகும்.”

“ரெண்டு பேர் இருக்கணும் டீச்சர்.”

“நான்தான் போன்ல இருக்கேனே. இது போதாதா?”

போனில் இருப்பது முன்னிலை ஆகுமா என்று யோசித்தேன். சத்தியமாக அந்த வாசலில் நின்று அதைத்தான் யோசித்தேன். மற்ற இரண்டு உறுப்பினர்களுக்கும் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மறுபடி பெல் அடித்தேன், மறுபடி கூப்பிட்டேன். உள்ளே இருப்பதைப் பார்க்கப் பயம். தனியாகத் திறந்தவன் என்று நாளை யாராவது கேள்வி கேட்பார்களோ என்றும் பயம். எது பெரிய பயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தெருமுனை ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்பின் பேசியதில்லை.

“இன்னா சார், ரொம்ப நேரமா பெல்ல அடிச்சிகினு நிக்கிற?”

சாவி உறைக்குள் இருக்கிறது, இன்னொரு உறுப்பினர் வர வேண்டும் என்று விளக்கினேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். “சாவிய கைல வச்சிகினு ஆள் வரணும்ன்றியே சார். பெரியவரு உள்ள வுழுந்து கீறாரோ இன்னாவோ. நான் சாட்சி, போதுமா?”

“நீங்க உறுப்பினர் இல்லையே.”

அவர் என் கையிலிருந்து உறையைப் பிடுங்கிக் கிழித்துக் கதவைத் திறந்தார்.

ஐயா சமையலறை வாசற்படியில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, குழறலாக, “மணி என்ன?” என்று கேட்டார்.

கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. ஏழே முக்கால்.

“ஏழேகால், ஐயா” என்றேன்.

ஆட்டோவிலேயே தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம். இளம் டாக்டர் முதலில் கேட்டதும் நேரத்தைத்தான்: கடைசியாக நன்றாக இருந்தது எப்போது, கண்டுபிடித்தது எப்போது. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் போனில் பேசினார் என்றேன். அடுத்த கேள்விக்கு என் வாய் தானாக “ஏழேகால்” என்றது.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், “சார் பதட்டத்துல சொல்றாரு டாக்டர். நாங்க உள்ள போறப்ப ஏழே முக்கா. அதுக்கு முன்னாடியே வந்து சார் வாசல்ல நின்னுகினு இருந்தாரு” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கும் தொனி அதில் இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் என்னை பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். “பயந்தா அப்டிதான் சார் வாய்ல வரும். டாக்டராண்ட மட்டும் கரீட்டா சொல்லிடணும்” என்றார். முப்பத்தாறு வருடம் வாக்குமூலங்களைச் சரிபார்த்தவனுக்கு அன்று கிடைத்த பாடம் இது.

வெளிநாட்டிலிருந்த ஐயாவின் மகள் மறுநாள் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் ஐயா போய்விட்டார். கருப்புக் கோட்டுகள் நிறைய வந்தன. அவருடைய தீர்ப்புகளைப் பற்றிப் பேசினார்கள். நான் பின்வரிசையில், யாராவது “முதல்ல பாத்தது யாரு?” என்று கேட்டுவிடுவார்களோ என்று நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பத்து நாள் கழித்து மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாசலில் இருபத்தைந்து நிமிடம் சாவியோடு நின்றதையும், ஐயாவிடம் பொய் நேரம் சொன்னதையும் அப்படியே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த நிமிடங்கள்தான் அவரைக் கொன்றனவா என்று கேட்டிருந்தேன்.

பதில் வரவில்லை. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் வாசல் வரை போய்த் திரும்புவேன். சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன். குளிக்கும்போது விழுந்தால் என் வாசலில் யார் நின்று எதை யோசிப்பார்கள் என்று நினைத்து, பாதிக் குளியலில் வெளியே வந்திருக்கிறேன். டீச்சர் ஒரு நாள் சொன்னார்: “சார், நீங்க கெழவனானது இந்த நாலு மாசத்துலதான்.”

பிறகு ஒரு நாள் பதில் வந்தது. ஒரு பக்கம்தான். அப்பாவின் மூளையில் அதற்கு முன்பே பல மணி நேரம் ரத்தம் தடைப்பட்டிருக்கிறது. இருபத்தைந்து நிமிடத்தில் என்ன மாறியிருக்கும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார். ‘இரண்டாம் நாள் அப்பா கொஞ்சம் பேசினார். விடியற்காலையில் விழுந்ததிலிருந்து யாரும் வரமாட்டார்களோ என்று பயமாக இருந்ததாம். உங்கள் குரல் கேட்டதும் அது போய்விட்டதாம். வெளியே நீங்கள் பேசியது அத்தனையும் கேட்டிருக்கிறது, பதில் கொடுக்கத்தான் குரல் எழவில்லையாம். அந்த விதியில் தானும் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். நீங்கள் நேரத்தைக் குறைத்துச் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக உங்களைக் கோபிக்கக் கூடாது என்றார். என்னால் இன்னும் அப்படி இருக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.’

கடிதத்தை மடித்து வைத்தேன். உடம்பு கீழே கிடக்கும்போதும் தன் பங்கு இதில் எவ்வளவு என்று ஒரு மனிதரால் யோசிக்க முடிந்திருக்கிறது. நல்லபடியாக வயதாவது என்றால் எனக்கு இப்போது அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவருடைய மகளின் கோபம் நியாயமானது, அது எப்போது தீரும் என்று நான் கேட்கப்போவதில்லை. பதில் வந்தது மாசி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அந்த நாள் வரை என் பயத்தை ‘முன்ஜாக்கிரதை’ என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.